என் மனைவி போடாத வாக்கு

வாக்களிப்பதில் எனக்கு ஒருபோதும் பெரிய பக்தி இருந்ததில்லை. யாழ்ப்பாணத்தில் முதல் தடவை போடப் போனபோது, என் பெயரில் யாரோ ஏற்கெனவே போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மேசையில் இருந்த அலுவலர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "தம்பி, நீர் காலமையே வந்து போட்டிட்டீரே" என்றார். எனக்குக் கோபம்கூட வரவில்லை. வெயிலில் நின்றதுதான் மிச்சம் என்று வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். அதற்குப் பிறகு வந்த தேர்தல்களில் ஒன்றில் போடவேண்டாம் என்று இயக்கக்காரர்கள் சொன்னார்கள், இன்னொன்றுக்குப் போகப் பயமாக இருந்தது. இப்படியே போகாமல் இருப்பது பழகிப்போயிற்று.

என் மனைவிக்கு இந்தக் கதையைக் கேட்கவே பிடிக்காது. "இருந்ததைப் போடாம விட்டிட்டு, அதைப் பெருமையா வேற சொல்லுறீங்கள்" என்பாள். அவளுக்குப் போடக் கிடைத்ததே இல்லை. அவளுடைய தகப்பனார் மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். நாடு சுதந்திரமடைந்த சூட்டோடு அந்த மக்களின் குடியுரிமையைப் பிடுங்கி, பின்னாலேயே வாக்கையும் பிடுங்கிவிட்டார்கள். மனிதர் எந்த நாட்டுக்கும் பிரஜை இல்லாமலே உழைத்துச் செத்துப்போனார். ஆனால் தேர்தல் வந்தால் வீட்டில் நிற்கமாட்டாராம். யாருடைய கூட்டம் என்றாலும் முன்வரிசையில் நின்று தொண்டை கிழியக் கத்திவிட்டுத்தான் வருவாராம்.

தேர்தல் காலத்தில் தோட்டத்துச் சுவரெல்லாம் சின்னங்களும் புள்ளடிகளுமாக இருக்கும் என்று அவள் சொல்வாள். இலங்கையில் வாக்குப் போடுவது என்றால், விருப்பமான சின்னத்துக்கு நேரே இரண்டு கோடுகளைக் குறுக்காகக் கீறிப் புள்ளடி போடுவது. பிள்ளைகள் அடுப்புக் கரியால் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் சுவரில் புள்ளடி போட்டு விளையாடுவார்களாம். தமிழருக்கு எதிரான கலவரத்துக்குப் பிறகு அவளுடைய குடும்பம் வவுனியாவுக்கு வந்தது. வெகுகாலம் கழித்து ஒரு சட்டம் வந்து அவர்களையும் பிரஜைகள் ஆக்கியது. அந்த நேரத்தில் அவர்கள் இருந்தது இயக்கத்தின் கட்டுப்பாட்டுப் பகுதி, அங்கே தேர்தல்தான் நடக்கவில்லை. பிறகு என்னைக் கட்டிக் கொழும்புக்கு வந்தாள். பெயர் வவுனியாப் பட்டியலில், ஆள் கொழும்பில். அப்படியே அதுவும் போயிற்று.

2009 தொடக்கத்தில் மெல்பேர்னுக்கு வந்தோம். எனக்குக் குளிர்சாதனப் பெட்டி திருத்துகிற தொழில் தெரியும், அதை வைத்து நிரந்தர வதிவிட விசா கிடைத்தது. ஸ்பிரிங்வேலுக்குக் கிட்ட ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தோம். பிள்ளைகள் இல்லை. பக்கத்து வீட்டில் ஒரு ஆங்கிலேயக் கிழவர் தனியாக இருந்தார். எழுபது தாண்டியவர், இளவயதில் கப்பலில் வந்து இறங்கியவர், தன் தோட்டத்து ரோஜாக்களோடு மட்டும் மரியாதையாகப் பேசுபவர். என் மனைவி அவரை அங்கிள் என்று கூப்பிடுவாள். அவருக்கு முதலில் அது விளங்கவில்லை, பிறகு பிடித்துவிட்டது.

2010 ஆகஸ்டில் பொதுத்தேர்தல் வந்தது. ஒருநாள் அவள் பின்வளவில் காய்ந்த உடுப்புகளை எடுத்துக்கொண்டு வந்து, கூடையை என் காலடியில் தொப்பென்று வைத்தாள்.

"இஞ்சாருங்கோ, அந்த அங்கிள் இந்த நாட்டுப் பிரஜை இல்லையாம்."

"அதுக்கு இப்ப என்ன?"

"ஆனா அவருக்கு வோட்டு இருக்காம்."

விஷயம் உண்மைதான். அந்தக் காலத்தில் இங்கே வந்த பிரித்தானியர்களுக்குப் பிரஜை ஆகாமலே வாக்கு இருந்தது. பிறகு சட்டத்தை மாற்றிக் கதவைச் சாத்தினார்கள். ஆனால் அதற்கு முன்னமே உள்ளே வந்தவர்களை உள்ளேயே விட்டுவிட்டார்கள். இங்கே வாக்களிப்பது கட்டாயம் என்பதால், பிரஜை இல்லாத கிழவர், வாக்குப் போடாவிட்டால் அபராதம் கட்டவேண்டிய நிலையில் இருந்தார்.

"வெள்ளைக்காரனுக்கு எங்கதான் இல்லை" என்றேன், பேப்பரில் இருந்து தலையை எடுக்காமல்.

"இல்லை, கேளுங்கோவன். இந்த முறை போடமாட்டாராம். எல்லாரும் கள்ளராம். ஃபைன் வந்தாக் கட்டுறாராம்."

நான் கிழவரோடு முழுக்க ஒத்துப்போனேன். அதை வாய்விட்டுச் சொன்னதுதான் பிழை. கோபம் வந்தால் அவளுடைய வவுனியாத் தமிழ் பறந்துபோய், பிறந்த இடத்துத் தமிழ் வந்துவிடும்.

"அதெப்படிங்க போடாம இருப்பாரு? கையில வச்சிக்கிட்டு வேணாம்னு சொல்றதுக்கு அது என்ன பழைய சோறா? நான் விடமாட்டேன்."

விடவில்லை. தேர்தல் சனிக்கிழமை காலையில் இடியப்பமும் சொதியும் கொண்டுபோய்க் கொடுத்து, சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் நின்று, கிழவரின் கோட்டை எடுத்து நீட்டினாள். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். எனக்கு உதவி செய்ய வழியில்லை. காரை எடுத்தேன்.

அயலில் இருந்த ஆரம்பப் பாடசாலைதான் வாக்குச்சாவடி. வாசலில் கட்சிக்காரர்கள் நின்று, தங்கள் ஆளுக்கு எப்படி வாக்களிப்பது என்ற அட்டையைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் சொசேஜ் வாட்டுகிற புகை. கிழவர் வரிசையில் நின்றார். நாங்கள் மதிலோரம் ஒதுங்கி நின்றோம். அவளிடமும் ஒருவர் அட்டையை நீட்டினார். அவள் வாங்கிக் கைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டாள். அதில் பெயர்களுக்கு முன்னால் இலக்கங்கள் இருந்தன. எங்கள் நாட்டில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஓர் இலக்கம் கொடுப்பார்கள், சுவரொட்டியில் ஆளின் முகத்தைவிட அந்த இலக்கம்தான் பெரிதாக இருக்கும். இதுவும் அதுதான் என்று இரண்டு பேருமே நினைத்துக்கொண்டோம்.

வந்தவர்களின் முகத்தைப் பார்க்கவேண்டும். செருப்போடும் நாயோடும் வந்தார்கள். ஒருவன் தொலைபேசியில், அபராதம் வருமே என்றுதான் வந்து தொலைத்தேன் என்று யாருக்கோ உரக்கச் சொல்லிக்கொண்டு நின்றான். இந்த நாட்டில் அநேகமாக எல்லாரும் வாக்களிக்கிறார்கள் என்று பெருமையாகச் சொல்வார்கள். எல்லாரும் என்றால், பட்டியலில் பெயர் உள்ள எல்லாரும். அந்த வரிசைக்குப் பக்கத்தில் ஆசையோடு நிற்கிற ஒருத்தி அந்தக் கணக்கில் வரமாட்டாள். வராதவள் என்றுகூட அவளை எழுதமாட்டார்கள். இதெல்லாம் அன்றைக்கு அவளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்குள் ஓடியது. நான் வெளியே சொன்னது, "குளிருது, காருக்குள்ள இருப்பமே" என்பது மட்டும்தான்.

"நீங்கள் போங்கோ. நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

அந்த வருடக் கடைசியில் வவுனியாவில் அவளுடைய தாயார் விழுந்து படுத்துவிட்டார். போர் முடிந்து அகதி முகாமில் இருந்து வெளியே வந்த உடம்பு, அதில் மிச்சமாக ஒன்றும் இருக்கவில்லை. பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவள் வரவில்லை. மாதங்கள் போயின. இங்கே குடியுரிமை கேட்பதற்கு நான்கு வருடம் இருக்கவேண்டும், அதற்குள் வெளிநாட்டில் ஒரு வருடத்துக்கு மேல் நின்றால் சரிவராது. எனக்கு இது தெரியும், அவளுக்கும் தெரியும். ஒருநாள் தொலைபேசியில் வாய்விட்டுச் சொன்னேன்.

"இஞ்ச பாரும், வருசம் முடியப்போகுது. ஒருக்கா வந்திட்டாவது திரும்பிப் போம்."

"அம்மாவை ஆரிட்ட விட்டிட்டு வாறது?"

"அப்ப உம்மட சிற்றிசன்ஷிப்? வோட்டு வோட்டு எண்டு அந்தக் கிழவனைக் கோட்டுப் போட்டு இழுத்தனீர்."

அந்தப் பக்கத்தில் ஒரு கோழி கூவியது கேட்டது.

"எனக்கு அடுத்த முறை இருக்குது" என்றாள். "அம்மாவுக்கு இல்லை."

அந்த வீட்டில் ஒரு வருடத்துக்கு மேல் தனியாக இருந்தேன். அவள் இல்லாத குசினியில் தேநீர் ஊற்றுவதே ஒரு வேலையாக இருந்தது. சண்டை பிடிக்க ஆள் இல்லாமல் கிழவரோடு போய் ரோஜாச் செடிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவரும் எப்போது வருவாள் என்றுதான் கேட்டார். தாயாரை அடக்கம் செய்துவிட்டு 2012 தொடக்கத்தில் அவள் திரும்பி வந்தபோது, விமான நிலையத்தில் எனக்கு முன்னால் அவர் எழுந்து நின்று கையசைத்தார்.

வந்த கையோடு ஸ்பிரிங்வேலில் ஒரு சின்னத் தையல் கடை திறந்தாள். சட்டை தைப்பது, சேலைக்கு விளிம்பு அடிப்பது, வியட்நாமியப் பெண்களின் கல்யாண உடுப்புக்கு இடுப்புப் பிடிப்பது. கடை வாடகை ஒப்பந்தம் அவள் பெயரில் இருந்தது. இங்கே கவுன்சில் என்று சொல்லுகிற நகரசபைக்குக் கடை வரியையும் அவளே கட்டவேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. இதைக் கேள்விப்பட்ட கிழவர்தான் ஒருநாள் வேலிக்கு மேலால் எட்டிச் சொன்னார்: வரி கட்டுகிறவர் என்றால், பிரஜை இல்லாவிட்டாலும் கவுன்சில் தேர்தலில் வாக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

அவள் நம்பவில்லை. அடுத்த நாள் கடையைப் பூட்டிவிட்டுக் கவுன்சிலுக்கே போய்க் கேட்டாள். உண்மைதான். விண்ணப்பித்தாள், பெயர் பட்டியலில் ஏறியது. அன்றிலிருந்து அவள் அடித்த கூத்தைச் சொல்லி முடியாது. நான் தொலைக்காட்சிச் செய்திக்கு ஏதாவது அபிப்பிராயம் சொன்னால், "வோட்டு இல்லாத ஆக்கள் அரசியல் கதைக்கப்படாது" என்று குசினிக்குள் இருந்து சத்தம் வரும். வருகிற வாடிக்கையாளர்களிடம் எல்லாம் ஒழுங்கை விளக்கைப் பற்றித்தான் பேச்சு. கடைகளுக்குப் பின்னால் ஒடுக்கப் பாதையாக இருந்த அந்த ஒழுங்கை மாலையானால் இருட்டு. அங்கே விளக்குப் போடுவேன் என்று வாக்குக் கொடுத்து ஒரு பெண் போட்டியிட்டாள். என் மனைவி முடிவு செய்துவிட்டாள்.

ஒரே ஒரு குறை. அந்தத் தேர்தல் தபால் மூலம் நடந்தது. வாக்குச்சீட்டு கடித உறையில் வீட்டுக்கே வந்துவிட்டது. வரிசை இல்லை, பெட்டி இல்லை. அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் என்ன செய்தாள் என்றால், அன்று பின்னேரம் கடைக்கு லீவு விட்டாள். தலைக்குக் குளித்தாள். கல்யாணங்களுக்கு மட்டும் உடுக்கிற நாவல் நிறச் சேலையை உடுத்திப் பொட்டு வைத்தாள். வாக்குச்சீட்டையும் பேனையையும் எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள்.

"நீங்கள் வெளியில நில்லுங்கோ. ஒருத்தரும் எட்டிப் பாக்கப்படாது."

"எனக்குத் தேத்தண்ணி?"

"வோட்டுப் போட்டிட்டுத் தாறன்."

கதவைச் சாத்திவிட்டாள். நான் நடையில் கதிரையைப் போட்டு இருந்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது, எரிச்சலும் வந்தது. உள்ளே கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது, பிறகு வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. அவள் வெளியே வந்தபோது உறை ஒட்டியிருந்தது. அழுதிருக்கிறாள் என்று கண்ணைப் பார்த்தே தெரிந்தது. தெருமுனைத் தபால் பெட்டிவரை தானே நடந்துபோய், உறையைப் போட்டு, பெட்டியின் வாயை ஒருமுறை கையால் தடவிவிட்டு வந்தாள். அன்றைக்குக் கிடைத்த தேநீரில் சீனி இரண்டு மடங்கு.

இரண்டு நாள் கழித்து வேலியடியில் கிழவர் அவளிடம் கதைகொடுத்தார். போன தடவை கவுன்சிலில் இருந்த ஒருவரைத் தான் கடைசியில் தள்ளிவிட்டதாகச் சொல்லிச் சிரித்துவிட்டு, நீ அவனுக்கு என்ன இலக்கம் கொடுத்தாய் என்று கேட்டார். நானும் பக்கத்தில் தண்ணீர்க் குழாயோடு நின்றேன்.

"இலக்கமா?" என்றாள் அவள். அவளுடைய ஆங்கிலம் சின்னது, ஆனால் திருத்தமானது. "நான் இலக்கம் ஒன்றும் கொடுக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு மட்டும் புள்ளடி போட்டேன்." விளங்காமல் பார்த்தவருக்கு, விரலால் காற்றில் இரண்டு கோடு கீறிக் காட்டினாள்.

கிழவர் சிரிக்கத் தொடங்கி, நடுவில் நிறுத்திவிட்டார். இங்கே எல்லாப் பெயருக்கும் முன்னால் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக இலக்கம் எழுதவேண்டும். புள்ளடி மட்டும் போட்ட சீட்டை எடுத்துச் செல்லாது என்று தனியாக வைத்துவிடுவார்கள். பாடசாலை வாசலில் கிடைத்த அட்டையில் வேட்பாளரின் இலக்கம் என்று நாங்கள் நினைத்திருந்தது, வாக்காளர் எழுதவேண்டிய இலக்கம். உறைக்குள் விளக்கம் இருந்திருக்கும். ஆனால் வாக்குப் போடுவது எப்படி என்று தனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை என்று அவள் நினைத்திருந்தாள். சிறுவயதிலேயே சுவர் நிறையப் போட்டுப் பழகியவள் அல்லவா.

அவள் உள்ளே போனாள். நானும் பின்னால் போனேன். குசினி மேசையில் முகத்தை வைத்து அழுதாள். தாயாரின் செத்த வீட்டுக்குப் பிறகு அவள் அப்படி அழுததை நான் கண்டதில்லை. எனக்கு அவளைத் தேற்றத் தெரியவில்லை. "உம்மட ஒரு வோட்டாலயோ அந்த மனுசி தோக்கப்போறா" என்று என் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவள் தலையைத் தூக்கி, "வெல்லுறதுக்கு நான் போடேல்லை" என்றாள். அந்தப் பெண் வென்றும் விட்டாள். விளக்கும் வந்தது. கடையைப் பூட்டிவிட்டு அந்த வெளிச்சத்தில் நடந்து வரும்போது அவள் நிமிர்ந்து பார்க்கமாட்டாள்.

2013இல் எனக்கு நான்கு வருடம் நிறைந்தது. நான் விண்ணப்பித்தேன், அவளால் முடியவில்லை. வவுனியாவில் நின்ற காலம் குறுக்கே நின்றது, அவள் இன்னும் காத்திருக்கவேண்டும். நானும் அவளோடு சேர்ந்து பிறகு எடுக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. குளிர்காலத்தில் நகர மண்டபத்தில் சத்தியப்பிரமாணம் நடந்தது. அவள் பார்வையாளர் கதிரையில் இருந்து எல்லாருக்கும் கைதட்டினாள். ஆளுக்கொரு செடி தந்தார்கள். வெளியே வாக்காளராகப் பதிகிற மேசை இருந்தது. செடியை என் கையில் இருந்து வாங்கிக்கொண்டு, மறுகையால் என்னை அந்த மேசைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

செப்டம்பரில் தேர்தல். அதே பாடசாலை. கிழவர் இந்த முறை கோட்டைத் தானே போட்டுக்கொண்டு காருக்குப் பக்கத்தில் நின்றார், எப்படியும் இழுத்துக்கொண்டு போவாள் என்று அவருக்குத் தெரியும். வாக்கில் ஆசையில்லாத இரண்டு ஆண்களை வாக்குச்சாவடிக்கு ஏற்றிக்கொண்டு போனாள், ஆசையுள்ளவள். காரை அன்றைக்கு அவள்தான் ஓட்டினாள்.

கிழவர் முன்னால் போய்விட்டார். நான் வாசலில் நின்றுவிட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. வயிற்றுப் பசி இல்லாதவனுக்குப் பந்தியில் இடம் கிடைத்து, பசித்தவள் வாசலில் நிற்கிறாள். ஒரு வாரமாக நான் யோசித்து வைத்திருந்ததை அப்போது சொன்னேன்.

"நீர் சொல்லும். ஆருக்கு எத்தினையாம் இலக்கம் எண்டு நீர் சொல்லுறபடியே போடுறன். ஒண்டையும் மாத்தமாட்டன். அது உம்மட வோட்டு எண்டு நினையும்."

அவள் என் சட்டைக் கொலரை இழுத்துச் சரிசெய்தாள்.

"இரவல் வோட்டு எனக்கு வேண்டாம்" என்றாள். "அது உங்கட. நீங்கள் போடுங்கோ. ஆருக்குப் போட்டனீங்கள் எண்டும் எனக்குச் சொல்லவேண்டாம்."

உள்ளே போனேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு கவனமாக ஒரு வேலையும் செய்ததில்லை. அட்டையால் செய்த தடுப்புக்குள் நின்று ஒவ்வொரு கட்டத்துக்கும் இலக்கம் எழுதினேன். மேலவையான செனற் சபையின் நீளச் சீட்டு மேசையையும் தாண்டித் தொங்கியது. ஒவ்வோர் இலக்கத்தையும் இரண்டு தரம் சரிபார்த்தேன். அவள் எனக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும் என்று இருந்தது. அடுத்த தடுப்புக்குள், அவளுடைய சீட்டோடு, என்னை எட்டிப் பார்க்கவேண்டாம் என்று அதட்டிக்கொண்டு அவள் நிற்கவேண்டும் என்று இருந்தது. அவ்வளவு சனத்துக்குள்ளும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வெளியே வந்தேன். கிழவர் சொசேஜ் வாங்குகிற வரிசையில் நின்றார். அவள் மரத்தடியில் போட்டிருந்த வாங்கில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் இருந்ததும், யாருக்குப் போட்டேன் என்று கேட்கவில்லை.

"உள்ளுக்கு எப்பிடி இருக்கும்? முதல்ல இருந்து சொல்லுங்கோ."

சொன்னேன். கதவைத் தாண்டியதும் நீளமான மேசை. பெரிய பெயர்ப் பட்டியல். அதற்குப் பின்னால் ஒரு வயதான பெண். பெயரைக் கேட்பார், விலாசத்தைக் கேட்பார், அடிமட்டத்தை வரிக்கு அடியில் வைத்துப் பெயரைத் தேடிப் பிடிப்பார். பிறகு ஒரு கேள்வி கேட்பார்.

"என்ன கேள்வி?"

"இந்தத் தேர்தல்ல இதுக்கு முதல் வோட்டுப் போட்டனீங்களோ எண்டு. எல்லாரிட்டயும் கேப்பினமாம்."

"அதுக்கு என்ன சொல்லோணும்?"

"நோ எண்டு சொல்லோணும். சொன்னாத்தான் சீட்டுத் தருவினம்."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

அவள் சேலைத் தலைப்பை மடியில் ஒதுக்கி நிமிர்ந்து இருந்தாள். "ஒருக்கா என்னட்டக் கேளுங்கோ" என்றாள். "அந்த மனுசி கேட்ட மாதிரி, இங்கிலீசில."

நான் கேட்டேன்.

"நோ" என்றாள் என் மனைவி, யாரோ மேசைக்குப் பின்னால் இருந்து தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல. பிறகு இன்னொருமுறை கேட்கச் சொன்னாள்.